மைனஸ் 30இல் யன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவது: வீட்டில் கட்டும் குளிர்கால ட்ரெயிலர்

ஜனவரியில் காம்பிங் போகப்போகிறேன் என்று ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டில் சொல்லிப் பாருங்கள். "உனக்கென்ன விசரா?" என்பார்கள். அதையும் தாண்டி ஆர்வம் உள்ளவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "எவ்வளவு பெரிய ஹீற்றர் போடவேணும்?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது.

காரின் பின்னால் இழுத்துப்போகிற ட்ரெயிலர் என்கிற ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு பேர் இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதலில் தேவை நல்ல காற்று. அடுத்தது, அவர்கள் மூச்சில் வருகிற ஈரம் வெளியே போக ஒரு வழி. சூடு மூன்றாவதுதான். காற்றும் ஈரமும் போய்வர ஏதோ ஒன்று திறந்திருக்க வேண்டும். திறந்த வழியால் போகிற சூட்டுக்கு ஈடுகொடுக்க, சுவர் வழியாகப் போகிற சூட்டை நாம் முன்கூட்டியே மிச்சம்பிடித்திருக்க வேண்டும். தடித்த சுவர் கட்டுவது அதற்காகத்தான். இது விளங்காதவர்கள் எல்லா ஓட்டையையும் அடைத்து, உள்ளே ஒரு காஸ் ஹீற்றரைப் பற்றவைத்துப் படுத்து, காலையில் நனைந்த மெத்தையில் எழும்புகிறார்கள். எழும்பாமலே போகவும் கூடும்.

எந்தக் குளிருக்குக் கட்டுவது?

ஒன்ராறியோ என்றால் ஒரே குளிர் இல்லை. அல்கொன்குவின் பூங்காவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20ஐச் சுற்றி நிற்கும். சில இரவுகள் மைனஸ் 30ஐத் தாண்டும். 11ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இன்னும் வடக்கே, கொக்ரேன், கப்பஸ்கேசிங் பக்கம் போனால் மைனஸ் 35 என்பது செய்தியே அல்ல. அந்தப் பகுதியிலுள்ள இரோக்குவா ஃபோல்ஸில் 1935 ஜனவரி 23 அன்று பதிவான மைனஸ் 58.3 பாகைதான் இந்த மாகாணத்தின் ஆகக் குறைந்த வெப்பநிலை. அதற்கெல்லாம் கட்டத் தேவையில்லை. மைனஸ் 35ஐக் கணக்கில் வைத்துக் கட்டுங்கள். முதல் குளிர்காலத்தில் மைனஸ் 20க்குக் கீழே முன்னறிவிப்பு இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

வானொலியில் சொல்கிற காற்றுக் குளிர் எண்ணை ட்ரெயிலருக்குப் பொருத்த வேண்டாம். அது உங்கள் முகத்துக்கான எண். வெளியே மைனஸ் 25, காற்றோடு சேர்த்து மைனஸ் 40 என்றால், ட்ரெயிலர் எவ்வளவு நேரம் நின்றாலும் மைனஸ் 25க்குக் கீழே போகாது. ஆனால் இடுக்குகளால் காற்று புகுந்து சூட்டை வேகமாகக் கொண்டுபோகும். உங்கள் தோலுக்கோ அந்த மைனஸ் 40 மெய்யானது: மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையத் தொடங்கும்.

பெட்டியின் அளவும் ஒரு கணக்கும்

நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் 6 அடி. இரண்டு பேருக்கு இது போதும். நிற்க முடியாத உயரத்தில் கட்டினால் சூடு மிச்சம்தான். ஆனால் ஜனவரியில் அங்கே இருட்டு ஏறக்குறைய 15 மணித்தியாலம். அத்தனை நேரமும் குனிந்தபடி காற்சட்டை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

இந்தப் பெட்டியின் தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்ந்து 312 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 29 சதுர மீற்றர். வெளியே மைனஸ் 35, உள்ளே 15 பாகை வேண்டும் என்றால் வித்தியாசம் 50 பாகை. வெறும் கால் அங்குல பிளைவூட் சுவர் என்றால் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற 7,000 வாற் அளவில் சூடு வேண்டும். ஆர்-10 சுவர் என்றால் (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு, எண் கூடினால் இழப்புக் குறையும்) அது 820 வாற்றாகச் சுருங்கிவிடும். கதவு, யன்னல், மூலைகள், சட்டங்கள் என்று கசிவுகளைச் சேர்த்து 1,200 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி காற்று. ஆளுக்கு விநாடிக்கு 5 லீற்றர் புதிய காற்று வேண்டும் என்று வைத்தால், இருவருக்கு வருகிற அந்தக் குளிர் காற்றைச் சூடாக்க மட்டும் 600 வாற் போகும். சுவரில் இழப்பதில் பாதி! ஆக மொத்தம் 1,800. தூங்குகிற இரண்டு உடம்புகள் 150 வாற் அளவு திருப்பித் தரும். 2 கிலோவாற் ஹீற்றர் ஒன்று இதற்கு அளவாக இருக்கும். காப்பு இல்லாத பெட்டியில் இதே ஹீற்றர் யன்னலைத் திறக்க உங்களை விடாது.

சுவர் கட்டுவது

பெரிய கட்டடச் சாமான் கடைகளில் விற்கிற பிங்க் நிற எக்ஸ்பிஎஸ் ஃபோம் போர்ட் அங்குலத்துக்கு ஆர்-5 தரும், தண்ணீர் குடிக்காது, குளிரில் அதன் திறன் குறையாது. வெள்ளை மணி ஃபோம் விலை குறைவு. அங்குலத்துக்கு ஆர்-4 கிடைக்கும். வெள்ளிப் படலம் ஒட்டிய பொலிஐசோ போர்ட்டின் தாளில் ஆர்-6 என்று போட்டிருக்கும், ஆனால் கடுங்குளிரில் அந்த எண் இறங்கும். நாங்கள் கட்டுவதே கடுங்குளிருக்கு என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. வீட்டுச் சுவர்களுக்குப் போடுகிற பஞ்சு ட்ரெயிலருக்கு வேண்டாம். வீதிக் குலுக்கலில் கீழே இறங்கி மேலே வெறுமையாகும், ஈரம் புகுந்தால் காயவும் காயாது. குமிழ் வைத்த வெள்ளித் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு "இன்சுலேஷன் போட்டாச்சு" என்பவர்களும் உண்டு. முன்னால் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அது ஆர்-1 அளவே தரும்.

"இரண்டுக்கு இரண்டு" என்று கடையில் விற்கிற மரச்சட்டம் அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம்தான். ஆகவே சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை அங்குல ஃபோம் சரியாக உட்காரும். அதோடு நிறுத்தினால் ஒவ்வொரு சட்டமும் குளிர் உள்ளே வரும் பாலமாகிவிடும்; காலையில் சுவரின் உள்பக்கத்தில் சட்டம் எங்கெங்கே இருக்கிறதென்று வெண்பனிக் கோடுகளை வைத்தே சொல்லலாம். சட்டத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக, இன்னும் ஓர் அங்குல ஃபோமை இடைவெளி இல்லாமல் முழுச் சுவருக்கும் போர்த்துங்கள். மொத்தம் இரண்டரை அங்குலம். மரத்துக்குக் கழிவு கொடுத்தாலும் ஆர்-10 நிச்சயம் கிடைக்கும். மேலே சொன்ன கணக்கு இந்தச் சுவருக்குத்தான்.

வெளியே மெல்லிய பிளைவூட்டோ அலுமினியத் தகடோ, உள்ளே கால் அங்குல பிளைவூட். ஃபோமை வெறுமனே விட்டு உள்ளே தூங்கக் கூடாது. தீப்பிடித்தால் அதன் புகையே ஆளைக் கொல்லும். பசை வாங்கும்போது ஃபோம் போர்ட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சில பசைகள் ஃபோமைக் கரைத்துவிடும். உள்பக்க மூட்டுகள் எல்லாவற்றையும் வீட்டு வேலையில் பாவிக்கிற சிவப்பு டேப்பால் ஒட்டி, மிச்ச இடுக்குகளை ஸ்ப்ரே ஃபோமால் நிரப்புங்கள். ஈரக் காற்று சுவருக்குள் போய்விட்டால் அங்கேயே உறைந்து, வசந்தத்தில் உருகி, மரத்தை உளுக்கவைக்கும். அதனால் ஈரத்தடுப்பு எப்போதும் சூடான பக்கத்தில், உள்பக்கத்தில் இருக்க வேண்டும்.

தரையைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பெட்டி இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் தரையைத் துளைத்து மேலே வரும். ஒவ்வொரு போல்ட் தலையும் ஒரு பனிக்கட்டி மொட்டாகும். அவற்றின் மேல் ஃபோம் துண்டு ஒட்டி மூடுங்கள். எப்படிக் கட்டினாலும் உங்கள் தலை உயரத்தில் 20 பாகை இருக்கும்போது தரையில் தண்ணீர் உறையலாம். படுக்கையைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள்.

யன்னல் ஒன்று போதும், இரட்டை அக்ரிலிக் தகட்டில். இரவில் அதன் அளவுக்கு வெட்டிய ஃபோம் துண்டால் அடைத்துவிடலாம்; காற்றுக்கு அடுத்துச் சொல்லும் துவாரங்கள் திறந்திருக்கும். ஒன்றுக்கு மேல் யன்னல் வைப்பது கோடைகால ஆசை.

துவாரமும் கதவும்

நான்கு அங்குல அகலத் துவாரங்கள் இரண்டு வேண்டும். ஒன்று தரைக்கு அருகில், மற்றது எதிர்ச் சுவரில் கூரைக்கு அருகில். சூடான ஈரக் காற்று மேலால் போக, குளிர் காற்று கீழால் வரும். மேல் துவாரத்தில் கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பொருத்தினால் காற்றில்லாத இரவிலும் வேலை செய்யும், பற்றரியையும் அவ்வளவாகத் தின்னாது. மூடியைப் பாதி மூடலாம். முழுதாக மூட முடியாதபடி அமைத்துவிடுவது என் வழக்கம். குளிரில் நடுங்குகிற மனிதனின் கையை நம்பக் கூடாது. பூச்சி வலை இருந்தால் கழற்றிவிடுங்கள், மூச்சு ஈரம் அதில் உறைந்து ஓர் இரவிலேயே துவாரத்தை அடைத்துவிடும்.

இருவர் மூச்சில் ஓர் இரவில் அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் வெளிவரும். உள்ளே 10 பாகை, ஈரப்பதன் 60 சதவீதம் என்றால் 3 பாகைக்குக் கீழே இருக்கிற எந்த மேற்பரப்பிலும் அந்தத் தண்ணீர் படியும்: ஸ்குரூ தலை, யன்னல் விளிம்பு, மெத்தையின் அடிப்பக்கம். நல்ல சுவர் அந்த வரம்புக்கு மேலேயே நிற்கும். மெத்தையின் அடியில் காற்று ஓடுவதற்குக் கட்டிலை இடைவெளி விட்ட பலகைகளால் செய்யுங்கள்.

கதவையும் சுவர் போலவே தடிப்பாகக் கட்டி, இரண்டு வரிசை ரப்பர் ஓரம் வையுங்கள். ரப்பரில் சிலிக்கோன் பூசினால் உறைந்து ஒட்டாது. உள்ளேயிருந்து தடித்த கையுறையோடு திறக்கக்கூடிய கொளுக்கி வேண்டும். பனி காற்றில் அள்ளுண்டு வந்து கதவுக்கு முன்னால் குவிந்துவிட்டால் வெளிப்பக்கம் திறக்கிற கதவு அசையாது. ஆகவே இரண்டாவது வெளியேறும் வழி ஒன்று கட்டாயம். யன்னலையே அதற்கு ஏற்ற அளவில் செய்யலாம். கோடையில் ரீ-சேர்ட்டோடு நுழைந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள், குளிர்கால ஜாக்கெட்டோடு ஒருமுறை வெளியே வந்து பாருங்கள்.

சூடாக்குவது

புதியவர்களுக்கு என் தெரிவு மின்சாரம். பூங்காவில் மின் இணைப்புள்ள இடம் எடுத்து, 1,500 வாற் ஹீற்றர் ஒன்றைச் செருகினால் புகையில்லை, ஈரமில்லை. அது 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே 15 ஆம்பியர் கம்பியில் காரின் எஞ்சின் சூடாக்கியையும் கேத்தலையும் செருகினால் இரவில் பிரேக்கர் விழும், நீங்கள் குளிரில்தான் கண் விழிப்பீர்கள். 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாற் தரும். அதற்கேற்ற செருகியும் கம்பியும் ட்ரெயிலரில் இருக்க வேண்டும், அதைத் தெரிந்த மின்சாரக்காரர் ஒருவர் செய்யட்டும். வீட்டுக்குள் பாவிக்கிற எக்ஸ்ரென்ஷன் கம்பியின் உறை மைனஸ் 25இல் விறைத்து வெடிக்கும். குளிருக்கென்று குறித்த, 12 கேஜ் தடிப்புள்ள கம்பி வாங்குங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு டீசல் ஹீற்றர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விட்டு, சூட்டை மட்டும் உள்ளே ஊதும். வெபாஸ்ரோ, எஸ்பார் ஆகியவை லொறிக்காரர்கள் காலங்காலமாக நம்புகிற பெயர்கள். இணையத்தில் மலிவான சீனத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. ஒரு லீற்றர் டீசல் 10 கிலோவாற் மணி சக்தி கொண்டது. அதில் எண்பது சதவீதம் அறைக்கு வந்தால், 1,500 வாற் வேகத்தில் 12 மணித்தியாலத்துக்கு இரண்டேகால் லீற்றர் போதும். கோடையில் வாங்கி கராஜில் வைத்திருந்த டீசல் குளிரில் களியாகி வடிகட்டியை அடைக்கும். குளிர்காலத்தில், போகிற ஊரிலேயே வாங்குங்கள், அங்கே விற்பது அந்தக் குளிருக்கான கலவை. எப்போதும் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே கரி பிடிக்கும். நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். நிறுத்தும்போது சுவிட்சால் நிறுத்தி, அது தானே ஆறி ஓயும்வரை காத்திருங்கள். பற்றரியைக் கழற்றி நிறுத்தினால் உள்பாகங்கள் கருகும்.

புகைக் குழாயின் முனை கதவுக்கும் கீழ்த் துவாரத்துக்கும் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ட்ரெயிலரின் அடியில் முடியக் கூடாது. தரையைத் துளைக்கிற இடத்தில் தீப்பிடிக்காத வளையம் வேண்டும். பனி கொட்டுகிற இரவில் எழும்பிப் போய் அந்த முனையைச் சுற்றி வழித்துவிட்டு வாருங்கள். சோம்பல் வரும். போய்த்தான் ஆகவேண்டும்.

சின்ன புரொப்பேன் சிலிண்டரைச் செருகி உள்ளேயே எரிக்கிற "பட்டி" வகை ஹீற்றர்கள் கடைகளில் கவர்ச்சியாக இருக்கும். ஒட்சிசன் குறைந்தால் தானாக அணைகிற பாதுகாப்பு அவற்றில் உண்டு. ஆனாலும் எரிந்த வாயு முழுக்க உங்கள் அறைக்குள்தான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். யன்னலைத் திறந்து துரத்தப் பார்க்கிற ஈரத்தை நாமே காசு கொடுத்து ஊற்றுவதுபோல. உடுப்பு மாற்றுகிற நேரம் துவாரங்களைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் பாவிக்கலாம். எரியவிட்டுத் தூங்கக் கூடாது.

புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42. மைனஸ் 30இல் சிலிண்டருக்குள் அமுக்கம் மிகவும் குறைந்துவிடும், சின்னச் சிலிண்டர் என்றால் சுவாலை சோர்ந்து அணையும். 20 இறாத்தல் சிலிண்டர், நிரப்பியதாக, வெளியில் பலகை மேல் நிற்கட்டும். அது மக்கர் பண்ணினால் நெருப்புக் காட்டிச் சூடாக்குவதோ படுக்கும் இடத்துக்குள் கொண்டுவருவதோ வேண்டாம்.

சின்ன விறகடுப்பு பொருத்துகிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். நள்ளிரவில் விறகு போட எழும்பவேண்டும், சுற்றிலும் தீக்காப்பு இடைவெளிக்கே பாதி இடம் போய்விடும். முதல் ட்ரெயிலரில் வேண்டாம்.

அலாரம்

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர் தங்கள் சொந்த வீட்டில் கார்பன் மொனொக்சைட் நச்சால் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகை வழி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரையும் தாங்கிய ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் 2013இல் நிறைவேறிய பிறகுதான் மாகாணம் முழுவதும் வீடுகளில் இதற்கான அலாரம் கட்டாயமானது. வீட்டோடு ஒப்பிட்டால் 10 கன மீற்றர் அறை எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கான அலாரங்கள் பல 4 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்வதற்கு உத்தரவாதம் இல்லாதவை. ஆர்வி எனப்படும் படுக்கை வசதியுள்ள வாகனங்களுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியதை வாங்கி, படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். முடிந்தால் இரண்டு. ஏஏ பற்றரி போடுவதானால் லிதியம் வகை. அல்கலைன் குளிரில் களைத்துவிடும். இன்னொன்று: இந்த அலாரம் கார்பன் டைஒக்சைட்டைக் காட்டாது. காலையில் தலையிடியோடு, மந்தமாக எழும்பினால், முதலில் வெளியே போய்க் காற்று வாங்குங்கள். பிறகு துவாரத்தை இன்னும் கொஞ்சம் திறவுங்கள்.

கரி அடுப்பு, பார்பிக்யூ, ஜெனரேற்றர் எதுவும் ட்ரெயிலருக்குள்ளும் கதவடியிலும் வேண்டாம். அணைந்ததுபோலத் தெரிகிற கரியும் இதே நச்சைத்தான் விடும்.

பற்றரி

டீசல் ஹீற்றர் பற்றிக்கொள்ளும்போது சில நிமிடங்கள் 100 வாற்றுக்கு மேல் இழுக்கும், பிறகு அடங்கிவிடும். ஓர் இரவுக்கு 250 வாற் மணி என்று கணக்கிடுங்கள். 100 ஆம்பியர் மணி ஈய பற்றரியில் தாளில் 1,200 இருந்தாலும், பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மைனஸ் 18இல் அதன் திறனே பாதியாகிவிடும். மிஞ்சுவது 300. வெளியே, காரோடு மாட்டும் கொக்கிப் பக்கம் பெட்டியில் வைக்காமல், மூடிய ஏஜிஎம் வகையை வாங்கிக் கட்டிலின் கீழ் வைத்தால் இந்தக் கவலை பாதி தீரும். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். அறை சூடான பிறகே சார்ஜரைப் போடுங்கள்.

வீதி

வீட்டில் கட்டிய ட்ரெயிலரையும் சர்வீஸ் ஒன்ராறியோவில் பதிந்து, தகடு வாங்கித்தான் வீதிக்குக் கொண்டுபோகலாம். மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் வேண்டும். 10 அடிப் பெட்டி அவ்வளவு வராது, ஆனால் ஏற்றிய சாமானோடு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் பனி வீதியில் வால் ஆடும், அதை நிறுத்துவது கடினம். காருக்கு வின்ரர் ரயர் போட்டுவிட்டு ட்ரெயிலருக்குத் தேய்ந்த பழைய ரயர் விடுகிற சிக்கனம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் ரயர்களின் கீழும் தாங்குகால்களின் கீழும் பலகை வையுங்கள். சூடான ரயர் பனியை உருக்கி அதிலேயே உறைந்து ஒட்டும். திரும்புகிற நாளில் கோடரியோடு நிற்க நேரும். உறைந்த ஏரி தட்டையாக, அழகாக, நிறுத்தச் சொல்லி அழைக்கும். போகாதீர்கள், காரும் ட்ரெயிலரும் தாங்குகிற பனியைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

படுக்கையும் குசினியும்

ஹீற்றர் நின்றுபோன பிறகும் விடியும்வரை உயிரோடிருக்கிற அளவுக்குப் படுக்கை வேண்டும். அதாவது ஹீற்றரே இல்லை என்று நினைத்து ஸ்லீப்பிங் பாக் வாங்குங்கள். அதன் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்: சுகமாகத் தூங்கும் வெப்பநிலை, கீழ் எல்லை, உயிர் மட்டும் தப்பும் கடைசி எல்லை. கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவது. ஒரு மைனஸ் 30 பாக் வாங்கக் காசில்லை என்றால் இரண்டு சாதாரண பாக்குகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கலாம். கீழே விரிக்கும் மெத்தையின் ஆர் மதிப்பு 5க்குக் குறையக் கூடாது. தலையைப் பாக்குக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். தூங்குகிற அறைக்கு 8, 10 பாகை போதும். அந்தச் சூட்டில் ஹீற்றரும் திணறாது.

நாள் முழுக்கப் போட்டு நடந்த காலுறையை மாற்றாமல் படுக்கக் கூடாது. படுக்கைக்கென்று ஒரு சோடி தனியாக வைத்திருங்கள். இரவில் ஒன்றுக்குப் போக அகன்ற வாய்ப் போத்தல் ஒன்று வேண்டும்; வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும். தண்ணீர்ப் போத்தலோடு மாறாமல் இருக்க நிறம் வேறாக இருக்கட்டும்.

குழாயும் தொட்டியும் பொருத்துகிற வேலையே வேண்டாம். தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுபோய்த் தலைகீழாக நிறுத்துங்கள்; பனிக்கட்டி மேற்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும், மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும். கோடையில் குளிர்ச்சிக்குப் பாவிக்கிற கூலர் பெட்டி இப்போது சாமான் உறையாமல் காக்கும்.

சமையல் வெளியில். நம் வீடுகளில் மேசையில் வைத்துப் பாவிக்கிற பியூற்றேன் அடுப்பு பூச்சியத்துக்குக் கீழே எரியாது. பியூற்றேன் பூச்சியத்தை ஒட்டியே திரவமாகிவிடும். புரொப்பேன் அடுப்புத்தான் வேண்டும். வீட்டிலேயே இறைச்சிக் கறி, பருப்பு, சொதி சமைத்துத் தட்டையான பைகளில் உறையவைத்துக் கொண்டுபோனால் அங்கே சூடாக்குவது மட்டும்தான் வேலை. புட்டுக்கு ஆவி வேண்டும், அதனால் அதையும் வீட்டிலேயே அவித்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குளிரில் உடம்பு எண்ணெயும் கொழுப்பும் கேட்கும், கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம். படுக்கப் போகுமுன் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பிவையுங்கள். காலையில் தேத்தண்ணிக்காக அடுப்போடு போராட வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது?

முதல் இரவு உங்கள் வீட்டு டிரைவ்வேயில். மைனஸ் 10, மைனஸ் 15 வருகிற ஓர் இரவைத் தெரிவுசெய்து, உள்ளும் வெளியும் வெப்பமானி வைத்து, அலாரத்தை அழுத்திப் பார்த்து, நிஜமாகவே விடியும்வரை படுங்கள். நள்ளிரவில் ஹீற்றரை ஒரு மணித்தியாலம் நிறுத்தி, வெப்பநிலை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். அந்த வேகம் மெதுவாக இருந்தால் சுவர் வேலை செய்கிறது. காலையில் ரோர்ச் வெளிச்சத்தில் எங்கெல்லாம் வெண்பனி பூத்திருக்கிறதென்று பார்த்து, அந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். திருத்தவேண்டிய இடங்கள் அவைதான்.

அடுத்தது அல்கொன்குவின். 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில், மேற்கு வாசலிலிருந்து 30 கிலோமீற்றர் அளவில் இருக்கிற மியூ லேக் காம்ப் மைதானம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மின் இணைப்புள்ள இடங்களும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து நல்ல வீதியில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், பனியில் எவ்வளவும் ஆகலாம். முன்பதிவு செய்து, இருட்டுமுன் போய்ச் சேருங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், மரம் தின்னும் பூச்சிகள் அப்படித்தான் பரவுகின்றன. அங்கேயே வாங்கலாம். திட்டத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மின்சாரம் இல்லாத அரசுக் காட்டு நிலம் கடைசியில். ஒன்ராறியோவில் வசிப்பவர்கள் பெரும்பாலான அரசு நிலங்களில் ஓரிடத்தில் 21 நாள்வரை இலவசமாகத் தங்கலாம். ஆனால் குளிர்காலத்தில் அந்த வீதிகளைப் பெரும்பாலும் யாரும் வழிக்கமாட்டார்கள். போகும்போது இருந்த வீதி திரும்பும்போது இல்லாமல் போகும். இரண்டு வாகனமாகப் போங்கள், கைபேசிக்கு அலை கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீற்றர் இரண்டு முறை பற்றவைத்தும் பற்றவில்லை என்றால் மூன்றாம் முறை முயல்வதற்கு முன் காரை ஸ்ரார்ட் பண்ணி, புகைக்குழாயைச் சுற்றிப் பனி இல்லை என்று பார்த்துவிட்டு, எல்லோரும் அதற்குள் ஏறுங்கள். பேச்சுக் குழறினால், ஸிப்பை இழுக்க விரல் கேட்கவில்லை என்றால், அது உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறி. அந்த நிலையில் இருப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்லைக் கேட்காமல் காருக்குள் ஏற்றுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே மெத்தையை நிமிர்த்தி வைத்து, பாக்குகளை வீட்டுக்குள் விரித்து, கதவையும் துவாரங்களையும் திறந்து, ஒரு சின்ன மின் ஹீற்றரையும் விசிறியையும் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஓடவிட்டு ட்ரெயிலரைக் காயவிடுங்கள். வீதி உப்பைக் கொக்கியிலும் சங்கிலியிலும் சக்கர அச்சிலும் இருந்து வெந்நீரால் கழுவி, அச்சு பெயாரிங்குகளுக்குக் கிரீஸ் அடித்த பிறகே தார்ப்பாயைப் போர்த்துங்கள்.